சனிக்கிழமை ஓடாத மோட்டார்

புரட்டாசி 25, வெள்ளி. ஆயுத பூஜை

பந்து: காலை 30, மாலை 30. மாத்திரை மூன்று வேளையும் சரி.

வைகாசியில் என் வீட்டுக்காரருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கால் இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. கைதான் இன்னும் முழுசாக வரவில்லை. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எத்தனை தடவை என்று இந்த நோட்டில் எழுதி வருகிறேன். ஆடியில் பத்துக்கே முகம் சுண்டிப்போவார். இன்று அறுபது. மருதமலையான் கண் திறந்து பார்க்கிறான்.

பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டர்னர். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில், இரும்பைக் கடைகிற லேத் மெஷின் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறார். போன மாதம்தான் டாக்டர் அதைத் தொட அனுமதி கொடுத்தார். சும்மா இரும்புத் துண்டை மாட்டிச் சீவிக்கொண்டிருந்தாலும், அந்த அரை மணி நேரம் அவர் தோளே வேறு மாதிரி இருக்கிறது.

வருஷாவருஷம் லேத்தின் தலைப்பக்கத்துக்கு மட்டும் பொட்டு வைப்பேன். இந்த வருஷம் மோட்டாருக்கும் வைத்தேன். மெஷினுக்கு உயிர் அதுதானே? பழைய மோட்டார், பின்மூடியில் காற்றுப் போகச் சுற்றிலும் ஓட்டைகள். என் கைக்கு எட்டுவது அந்த மூடிதான். மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி. அவர் கை பழையபடி வரும்வரை வெள்ளிதோறும் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

புரட்டாசி 26, சனி

விஜயதசமி. குளித்து, சாமி கும்பிட்டு, சுவிட்சைப் போட்டார். "ஊங்" என்று ஒரு முனகல். துண்டைப் பிடிக்கிற சக் அசையவே இல்லை. உடனே ஆஃப் செய்தார்.

"சித்த நேரம் போட்டு வெச்சுப் பாருங்க. ஓடினாலும் ஓடும்," என்றேன்.

"ஓடாத மோட்டாருக்குக் கரண்டு குடுத்துட்டே இருந்தா உள்ள சுத்தியிருக்கற கம்பி, காயில், வெந்து போயிரும், அம்மிணி."

நாலாவது தடவைதான் ஓடியது. நல்ல நாளில் இப்படியா என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி கேட்பவர் மாதிரி.

பந்து 60.

புரட்டாசி 28, திங்கள்

முதல் தடவையிலேயே ஓடியது. பந்து 64. பீர்க்கங்காய் நான்கு கொடியிலிருந்து பறித்தேன்.

புரட்டாசி 31, வியாழன்

புது கெப்பாசிட்டர் வந்தது. மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் டப்பா அது. எதற்கு என்று கேட்டேன்.

"குழந்தைய ஊஞ்சல்ல உக்கார வெச்சா மொதத் தள்ளு நாமதான தள்ளோணும்? அதுக்குத்தான் இது. வேகம் வந்ததும் கைய எடுத்துக்கோணும். அதுக்கு மோட்டாருக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்குது. தானா விட்டுக்கும், நின்னதும் தானாத் தொட்டுக்கும்."

ஐந்தாவதோடு நின்றவள் நான். ஆங்கில எழுத்தே மருந்து அட்டையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னால் எனக்கு எதுவும் புரிந்துவிடுகிறது.

பிளக்கைப் பிடுங்கி அவர் பையில் போட்டுக்கொண்டார். திருகு கழற்றத் திருப்புளி பிடித்தது நான். பழைய டப்பாவைத் தொடும் முன், பல்பு வயரை அதன் இரண்டு முனையிலும் வைக்கச் சொன்னார். கரண்டே இல்லாத இடத்தில் பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. "உள்ள கொஞ்சம் மிச்சம் வெச்சிருந்துச்சு. இப்பத் தொடு," என்றார்.

ஐப்பசி 1, வெள்ளி

மோட்டாருக்குப் பொட்டு வைத்தேன். நாளெல்லாம் நன்றாக ஓடியது. கெப்பாசிட்டர் பாதி, சந்தனம் பாதி என்று நினைத்துக்கொண்டேன். பந்து 70.

ஐப்பசி 2, சனி

மறுபடியும் ஊங்.

இன்று அவர் செய்ததை எழுதி வைக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். மோட்டார் தனி, லேத் தனி. சக்கை என் கையால் சுற்றச் சொன்னார். வெண்ணெயில் கரண்டி போகிற மாதிரி சுற்றியது. "அப்ப லேத்து மேல குத்தமில்ல," என்றார். பிறகு மோட்டாரை மட்டும் போட்டார். அதே ஊங். "அப்ப குத்தம் இதுக்குள்ளதான். பாதி வீட்டத் தேடியாச்சு, இனிப் பாதி வீடுதான் பாக்கி."

காணாமல் போன சாவியை நான் ஒரே நேரத்தில் எல்லா அறையிலும் தேடுவேன். அவர் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறார்.

எத்தனையாவது தடவையில் ஓடியது என்றும் குறித்து வைக்கச் சொன்னார். இன்று ஆறாவது.

ஐப்பசி 3, ஞாயிறு

வைண்டிங் கடை துரைராஜ் வந்து பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சென்னியப்பண்ணா, காயில் போச்சுங். எறக்கிக் குடுங்க, புதுசாச் சுத்திரலாம்."

இவர் குனிந்து மூடி ஓட்டையில் மூக்கை வைத்தார். "காயில் போனா கருகுன வாசம் அடிக்கும் தம்பி. இதுல வேறென்னமோ நல்ல வாசமா அடிக்குது."

"மோட்டாருல நல்ல வாசமாங்ணா! உங்குளுக்கு ஒடம்பு செரியில்லாததுல மூக்கும் போச்சாட்ட."

இவர் சிரிக்கவில்லை. துரைராஜுக்கு நான் காப்பியில் சர்க்கரை கம்மியாகப் போட்டேன்.

அவர் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார்: "மோட்டாரு நிக்கறப்ப 'டக்'குனு ஒரு சத்தம் வரும். முப்பது வருசமாக் கேட்ட சத்தம். இப்ப அது 'சொத்'துனு வருது. அந்த உள்சுவிட்சுதான். பிரிச்சுப் பாக்கோணும்."

"பிரிச்சறலாமுங்க."

வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கையும் ஒழுங்கா இருக்கறவன் பிரிக்கற சாமான் அது. வேறொருத்தன் கையிலயும் குடுக்க மாட்டேன்."

ஐப்பசி 8, வெள்ளி

திங்கள் இரண்டாவது தடவை, செவ்வாயிலிருந்து முதல் தடவையே. பந்து 75.

மோட்டாருக்குச் சந்தனம், விபூதி. இந்த வாரம் கொஞ்சம் எச்சாகவே வைத்தேன். பன்னீரும் தெளித்தேன்.

ஐப்பசி 9, சனி

பதினோரு தடவை போட்டும் ஓடவில்லை. பொறுமையே உருவானவர், இன்று பொறுமை இழந்தார். முனகிக்கொண்டிருந்த மோட்டாரை, சக்கை இடக்கையால் சுண்டிவிட்டுக் கிளப்பினார். கிளம்பியது. ஆனால் சக்கை முடுக்குகிற சாவியை அதிலேயே விட்டிருந்தார். அதை எடுக்க வேண்டியது வலக்கை. அது மறந்துவிட்டது.

சாவி பறந்து தகரத்தில் அடித்தது. நான் கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன்.

தகரத்தில் ஒரு பள்ளம். என் கன்னத்தில் சின்னதாக ஒரு கீறல். முருங்கைக் குச்சி கிழித்தது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பந்து 0.

ஐப்பசி 10, ஞாயிறு

பந்து 0. அரிசி ஊறப் போட்டேன். வெந்தயம் மறந்துவிட்டேன்.

ஐப்பசி 11, திங்கள்

ஓசூரிலிருந்து மகன் கதிரவன் போனில் பேசினான். அப்பாவே அவனிடம் சொல்லியிருக்கிறார், லேத்துக்கு ஆள் பார் என்று. சாவி பறந்ததையும் சொல்லியிருக்கிறார். என் கன்னத்தைச் சொல்லவில்லை.

"அம்மா, கைய இழுத்துட்டுப் போயிருந்தா என்ன பண்றது? வித்தரலாம்மா. ஆறுச்சாமின்னு ஒருத்தரு, சொந்தமா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காரு. ஐப்பசி இருவத்திநாலு, ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டு, அன்னிக்கே வண்டியில ஏத்தீருவாரு."

அவன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவரிடம் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்கு?" என்றார். "அதுக்கும் ஒரு பக்கம் போச்சு, எனக்கும் ஒரு பக்கம் போச்சு. ரெண்டையும் ஒட்டுக்கா ஏத்தி உட்ருங்க."

இதை எழுதியிருக்க வேண்டாம்.

ஐப்பசி 14, வியாழன். தீபாவளி

அதிரசம் 40, முறுக்கு இரண்டு டப்பா. அவர் அரை அதிரசம் சாப்பிட்டார். பந்து 0.

ஐப்பசி 15, வெள்ளி

ஷெட்டில் நான் மட்டும் போய் மோட்டாருக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தேன். விற்கிற வரைக்கும் நம் வீட்டு மோட்டார்தானே.

ஐப்பசி 16, சனி

கந்த சஷ்டி விரதம் தொடக்கம். பாலும் பழமும் மட்டும்.

ஐப்பசி 18, திங்கள்

விரதத்தில் சமையல் இல்லாததால் கை சும்மா இருந்தது. நோட்டைப் புரட்டினேன். மோட்டார் எத்தனையாவது தடவையில் ஓடியது என்பதை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு. ஆறு. பதினொன்றுக்கும் மேல். மூன்றும் சனிக்கிழமை! திங்களில் குறைகிறது, செவ்வாயில் சரியாகிறது, அடுத்த சனி மறுபடி.

உடம்பு சிலிர்த்தது. சனீஸ்வரன்! அவர் ராசிக்கு இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்காமல் போனேனே. நேராகக் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றி எள் தீபம் போட்டுவிட்டு வந்து, தாளை அவரிடம் நீட்டினேன்.

"பாருங்க, கெரகம் எப்புடி வேல செய்யுதுன்னு."

வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தத் தோள் நிமிர்ந்ததை ஒன்பது நாள் கழித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"அம்மிணி, இது என்ன அருமையான கணக்கு! கம்பெனியில இஞ்சினியருகூட இப்புடி எழுதி வெக்க மாட்டான்." தாளை மடியில் வைத்துத் தடவினார். "கெரகத்துக்கு நம்மூட்டு மோட்டாரு நம்பரு தெரியாது. சனிக்கெழம கெட்டுப் போவுதுன்னா வெள்ளிக்கெழம என்னமோ நடக்குது. வெள்ளிக்கெழம ஷெட்டுல என்ன நடக்குது?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஐப்பசி 19, செவ்வாய்

விரதம் நான்காம் நாள். கவசம் மூன்று முறை படித்தேன். நடுவில் இரண்டு தடவை வரி தப்பியது.

ஐப்பசி 20, புதன்

சொல்லிவிட்டேன். காலையில், பந்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுதலையும் சொன்னேன், சந்தனத்தையும் சொன்னேன், பன்னீரையும் சொன்னேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "திருப்புளி எங்க வெச்சிருக்கற?" என்றார். பகலெல்லாம் சாமான்களைத் தேடி எடுத்து வைத்தோம்; நாளைக்குப் பிரிக்கலாம் என்றார்.

ஐப்பசி 21, வியாழன். சூரசம்ஹாரம்

எல்லாரும் கோயிலில் சூரன் தலை விழுவதைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் மோட்டாரைப் பிரித்தோம்.

பிளக் அவர் பையில். நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மூடியும் உடம்பும் சேர்கிற இடத்தில் முதலில் அடையாளம் வைக்கச் சொன்னார், திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும் என்று. பக்கத்தில் இருந்த குங்குமத்தைத் தொட்டு வைத்தேன்.

"அதுக்கும் குங்குமமா!"

"வேற என்னங்க இருக்குது?"

"வையி, வையி. வெளியில இருந்தாச் செரி."

நான்கு போல்ட்டையும் ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். மூடியை மரச்சுத்தியால் சுற்றி வந்து தட்டினேன். தாயிடமிருந்து பிள்ளையை எடுப்பது போல் எடு என்றார். கம்பிகளை இழுத்துவிடாமல் எடுத்தேன்.

உள்ளே பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, அழவும் தோன்றியது. மூடியின் உட்பக்கம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக வழிந்து காய்ந்திருந்தது. உள்சுவிட்சில் தொட்டுத் தொட்டு விலக வேண்டிய இரண்டு புள்ளிகளிலும் பூச்சு. முன்னும் பின்னும் நகர வேண்டிய வளையம், சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றது. ஸ்பிரிங்கில் ஒரு செவ்வந்தி இதழ், கருகாமல், அப்படியே.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். தோள் குலுங்கியது. பயந்துபோனேன். அழுகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்புள்ள, மோட்டாருக்குள்ள மூலஸ்தானமே வெச்சிருக்கற! நல்ல வாசம் அடிக்குதுன்னு சொன்னனே, அந்தத் துரைராசு என்ர மூக்கு போச்சுன்னு சொன்னானே!"

வைகாசிக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க," என்றேன். அவர் விளக்கினார்: "ஈரமா உள்ள போயி சனிக்கெழமைக்குள்ள காஞ்சு புடிச்சுக்குது. ஓட ஓட உதிருது. நீ திரும்ப வெக்கற. நாயமான மோட்டாரு, பாவம். அதென்ன பண்ணும்?" பிறகு குரலைத் தணித்து, "கன்னம் இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார். பன்னிரண்டு நாளில் முதல் தடவை.

"முருங்கக் குச்சிதானுங்க," என்றேன்.

வளையத்தை நான் துணியால் துடைத்தேன். அந்த இரண்டு புள்ளிகளைச் சுத்தம் செய்வது மட்டும் எனக்கு வரவில்லை. நைசான எமெரி உப்புத்தாளைக் கீற்றாக நறுக்கி, இடையில் செருகி, மெல்லப் பிடித்து இழுக்க வேண்டும். அழுத்தினால் புள்ளி வளைந்துவிடும். மூன்று தடவை எனக்கு நழுவியது.

"இங்க குடு," என்றார்.

கொடுத்தேன். இடக்கையால் மூடியைப் பிடித்துக்கொண்டார். கீற்றைப் பிடித்தது வலக்கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். ஒரு இழுப்பு. திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு. அவருக்கு எந்தக் கை என்று ஞாபகம் இல்லை. நான் மூச்சு விடாமல் எண்ணினேன்.

பந்து 0. எமெரி 14.

திரும்ப மாட்டி, சுவிட்சைப் போட்டபோது முதல் தடவையிலேயே சீறிக்கொண்டு ஓடியது. அணைத்தார். வேகம் குறைந்து குறைந்து, கடைசியில் "டக்."

"கேட்டியா?"

கேட்டேன். கோயிலில் வேட்டுச் சத்தமும் அப்போதுதான் கேட்டது.

ஐப்பசி 22, வெள்ளி

சந்தனக் கிண்ணத்தோடு ஷெட் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். வேண்டுதலை முடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. சாமியிடம் சொல்லியிருக்கிறேன். பந்து 40, நான் கேட்காமலே.

ஐப்பசி 23, சனி

முதல் தடவையிலேயே ஓடியது.

"நாளைக்கு ஆறுச்சாமி வர்றாரு," என்றேன். "சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றார். பிறகு பழைய சாமான் டப்பாவைக் கிளறி ஒரு பித்தளைத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். ஓட்டிக் காட்டுவதற்கு என்றார்.

ஐப்பசி 24, ஞாயிறு

ஆறுச்சாமி பத்து மணிக்கு வந்தார். அவரும் டர்னராக இருந்து முதலாளியானவராம். ஒரு பெரிய வண்டியைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஓட்டிக் காட்டுங்கண்ணா, பாத்தறலாம்."

இவர் பித்தளையை மாட்டி முடுக்கினார். சக் சாவியை எடுத்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் புதிதாக அடித்திருந்த ஆணியில் தொங்கவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகுதான் சுவிட்சில் கை வைத்தார். மோட்டார் ஒரே தடவையில் கிளம்பியது.

கைப்பிடியில் வலக்கை. முதலில் கொஞ்சம் தடுமாறியது. பித்தளை பொடிப் பொடியாகப் பொன் தூசியாய்ப் பறந்தது. இரண்டாவது சீவலில் தடுமாற்றம் பாதியானது. மூன்றாவதில் நான் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஆறுச்சாமி மெஷினை நிறுத்தச் சொல்லி, துண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தார்.

"நெகத்துல சிக்கவே மாட்டீங்குதுங். செரி, வண்டிய உள்ள வரச் சொல்லட்டுங்ளா?"

"இருங்க, இன்னொரு கட்டிங் இருக்குது."

காப்பி கொடுத்தேன். குடித்து முடித்தார்.

"இப்பச் சொல்லட்டுங்ளா?"

"ஓரத்துல பிசிறு இருக்குது. எடுத்துப் போடறேன்."

இரண்டாவது காப்பியும் அதிரசமும் கொடுத்தேன். பதினொன்றரை ஆயிற்று. இவர் விளிம்பில் மெல்லிசாக ஒரு வரம்பு எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பதே அவருக்கு நினைவில்லை.

ஆறுச்சாமி என் பக்கம் குனிந்தார். "அக்கா, எத்தனையோ மெஷின் வாங்கியிருக்கறனுங். குடுக்கற ஆளு எப்புடி நிப்பாருன்னு எனக்குத் தெரியும். இவரு குடுக்கற ஆளு மாரி நிக்கலீங்." அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டு, போனை எடுத்து வண்டிக்காரரைப் போகச் சொன்னார். எழுந்தவர், "அண்ணா! சின்னச் சின்ன பித்தள வேல வருதுங். குடுத்தா, அவசரமில்லாமச் செஞ்சு தருவீங்ளா?" என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

"ம்," என்றார் இவர், திரும்பாமல்.

மெஷின் நின்றது. டக். சக்கிலிருந்து கழற்றி, சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினார். உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தட்டு. நடுவில் சின்னக் குழி, சுற்றிலும் வழியாமல் இருக்க வரம்பு, திருகு போட இரண்டு பக்கமும் புள்ளி வைத்திருந்தார்.

"லேத்துத் தலையில மாட்டித் தர்றேன். எத்தன சந்தனம் வேணும்னாலும் இதுல வையி. வேண்டுதல நிறுத்தாத," என்றார்.

மகனுக்குப் போன் செய்தேன். லேத் இங்கேயே இருக்கிறது என்றேன். அவன் பயப்படுவது சரிதான் என்றும் சொன்னேன். என் கன்னத்துக் கீறல் முருங்கைக் குச்சியால் வந்ததில்லை என்றும் சொன்னேன். நோட்டில் 'சாவி ஆணியில்' என்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன், இனி அதற்கு நான் டிக் அடித்த பிறகுதான் சுவிட்ச் என்றேன்.

"அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"பத்தி போடக் கோடு இழுத்ததே அவருதான், கண்ணு. வலக்கையில."

ஐப்பசி 29, வெள்ளி

தட்டில் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி. ஒரு சொட்டும் வழியவில்லை. பந்து 80.

கார்த்திகை 1, சனி

சாவி ஆணியில். முதல் தடவையிலேயே ஓடியது.